அறத்தொடு நிற்றலும் பதினைந்து வயதுக் கதைகளும்

தமிழ்மொழித்தினப் போட்டிகளுக்காக இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் சிறுகதைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றில் காதல் தலைகாட்டும் கதைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே கதைதான். தனியார் வகுப்புக்குப் போகும் கெட்டிக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி பேருந்திலோ முகநூலிலோ ஒருவனைச் சந்திக்கிறாள், அவனை நம்புகிறாள், ஒரு பந்தி இடைவெளிக்குப் பிறகு 'எல்லாவற்றையும் இழந்தவளாக' வீட்டு மூலையில் கிடக்கிறாள், அடுத்த பந்தியில் அவளுடைய உடல் முற்றத்தில் கிடத்தப்பட்டிருக்க, மத்திய கிழக்கிலிருந்து ஓடிவந்த தாய் தலையிலடித்துக்கொண்டு அழுகிறாள். கடைசி வரி வாசகரின் பக்கம் திரும்பிப் புத்தி சொல்கிறது. இதை எழுதுவது ஐம்பது வயது ஆசிரியர் அல்லர், பதினைந்து வயதுப் பிள்ளை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. தன் வயதுக்காரரைப் பற்றி எழுதும்போதுகூட அந்தப் பிள்ளை தான் கண்டதை எழுதவில்லை; கதையென்றால் இப்படித்தான் முடியவேண்டும் என்று பெரியவர்களாகிய எங்களிடம் கற்றதை எழுதுகிறது.

அந்தப் பந்தி இடைவெளியைச் சற்று உற்றுப்பார்க்க வேண்டும். 'நம்பினாள்' என்பதற்கும் 'இழந்தாள்' என்பதற்கும் நடுவே என்ன நடந்தது? அவள் விரும்பினாளா, வற்புறுத்தலுக்கு இணங்கினாளா, படத்தைக் காட்டி மிரட்டப்பட்டாளா? இவை மூன்றும் மூன்று வேறு கதைகள். ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் பிரித்தறிய வேண்டிய வேறுபாடு எதுவோ, அதையே கதை வெற்றிடமாக விட்டுவிடுகிறது. விட்டுவிட்டு, மூன்றுக்கும் ஒரே தீர்ப்பை வழங்குகிறது. இளையோருக்கான புனைவில் பாலியலைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் எவ்வளவு காட்டலாம் என்ற கேள்வியும் என்ன நீதி சொல்லலாம் என்ற கேள்வியும் ஒன்றாகக் குழைக்கப்பட்டு, குறைவாகக் காட்டி நிறையப் புத்தி சொன்னால் பாதுகாப்பு என்ற முடிவு எட்டப்படுகிறது. என் அனுபவத்தில் அந்த முடிவு தலைகீழானது. தண்டனையில் வைக்கப்படும் நீதி, வாசிக்கும் பிள்ளைக்கு ஒன்றை மட்டுமே தெளிவாகக் கற்பிக்கிறது: உனக்கு ஏதாவது நடந்தால் வாய் திறக்காதே.

இது எங்கள் மரபு என்று சொல்லப்படுவதைத்தான் ஏற்க முடியவில்லை. தமிழின் மிகப் பழைய அகப்பாடல்களில் திருமணத்துக்கு முந்திய காதல் விலக்கப்பட்ட பொருளல்ல. களவு என்ற பெயரில் அதற்கெனத் தனி இலக்கணமே இருக்கிறது. அந்த இலக்கணத்தில் 'அறத்தொடு நிற்றல்' என்றொரு துறை உண்டு. தலைவி உண்ணாமல் உறங்காமல் மெலிகிறாள். வீட்டாருக்குக் காரணம் தெரியவில்லை. தெய்வக் குற்றம் என்று நினைத்து, முருகன் பூசாரியான வேலனை அழைத்து, அவன் சாமியாடிக் குறி சொல்லும் வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். (பிள்ளை ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று அவளிடம் கேட்பதற்கு முன்னர் நூல் கட்டக் கொண்டுபோகும் வீடுகள் எங்கள் ஊர்களில் இன்றும் இருக்கின்றன.) அந்த வேளையில்தான் தோழி வாய் திறக்கிறாள். தலைவி தோழிக்கும், தோழி வளர்ப்புத்தாயாகிய செவிலிக்கும், செவிலி பெற்ற தாயாகிய நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உண்மையைத் தெரிவிக்கும் முறையையே அறத்தொடு நிற்றல் என்றார்கள். அப்படிச் சொல்லும் வழிகளைத் தொல்காப்பியம் ஏழாக வகுக்கிறது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும், தோழி செவிலியிடம் உண்மையை உடைத்துச் சொல்லும் இந்த ஒரே கட்டத்துக்காக எழுந்தவை.

இதில் 'அறம்' என்ற சொல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். காதலித்தவளுக்குக் கிடைத்த தண்டனையை அந்த மரபு அறம் என்று அழைக்கவில்லை. மறைந்திருந்ததை நம்பத்தகுந்த ஒருவரிடம் தக்க வேளையில் சொல்வதையே அறத்தோடு நிற்பது என்று அழைத்தது. பதினைந்து வயதுக்கு எழுதுபவர் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள ஓர் இலக்கண விதி வேறு மொழியில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அகப்பாடல்களின் உலகத்தை அப்படியே இன்றைக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லவில்லை. வைகாசியில் மட்டக்களப்புக் கோயில்களில் திருக்குளிர்த்தி என்ற குளிர்விக்கும் சடங்கைப் பெறும் கண்ணகியைச் சிலப்பதிகாரம் பன்னிரண்டு வயது மணமகளாகவே அறிமுகப்படுத்துகிறது, கோவலனுக்கு வயது பதினாறு. அந்த வயதுக் கணக்குகளை நாங்கள் பின்னே விட்டு வந்துவிட்டோம், வந்ததும் நல்லது. ஆனால் யாரிடம், எப்படிச் சொல்வது என்ற கேள்வியைப் பின்னே விட்டு வந்ததுதான் பிழை.

கிழக்கிலும் வெளிப்படையான பேச்சு அந்நியமானதல்ல. மச்சானும் மச்சியும் ஒருவருக்கொருவர் பாடுவதாக அமைந்த நாட்டார் கவிகள் தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் கிராமங்களிலும் வாய்மொழியாக வழங்கி வந்தவை. ஆசையையும் ஊடலையும் ஏமாற்றத்தையும் அவை சுற்றிவளைக்காமல் சொல்கின்றன. மட்டக்களப்பில் வாழ்ந்து ஆசிரியராகப் பணிபுரிந்த எஸ். பொன்னுத்துரை 1961 இல் வெளியிட்ட 'தீ' நாவல், ஓர் ஆணின் பாலியல் அனுபவங்களை மறைக்காமல் முன்வைத்து ஈழத்து இலக்கிய உலகில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அது இளையோருக்காக எழுதப்பட்டதன்று. எனினும் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வளவு துணிந்த மொழி இங்கே இருந்திருக்க, அதற்குப் பிறகு வளர்ந்த இளையோர் எழுத்து ஏன் பந்தி இடைவெளிக்குள் பதுங்கியது என்று கேட்கத் தோன்றுகிறது. என் ஊகம், துணிச்சல் வளர்ந்தவர்களின் இலக்கியத்துக்கும் நீதி பிள்ளைகளின் இலக்கியத்துக்கும் எனப் பாகம் பிரிக்கப்பட்டுவிட்டது என்பதே. பதினைந்து வயது இந்த இரண்டு பாகத்திலும் சேராது.

பிற நாடுகளில் இந்த வயதுக்கெனத் தனி இலக்கியம் உருவானபோதும் இதே தகராறு நடந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜூடி புளூம் 1975 இல் வெளியிட்ட ஒரு நாவலின் பின்னணி இங்கே பொருந்தும். உறவுகொள்ளும் இளையோர் கதையின் முடிவில் சாகாத ஒரு புத்தகம் வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டதே அதை எழுதத் தூண்டியதென அவர் சொல்லியிருக்கிறார். அதில் நாயகி மருத்துவ நிலையத்துக்குச் சென்று ஆலோசனை பெறுகிறாள்; முதற்காதல் நிலைக்கவில்லை; யாரும் அழிந்துபோகவுமில்லை. இதற்காகவே அந்த நாவல் பல பாடசாலை நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. 2024 இல்கூட யூட்டா மாநிலம் அரச பாடசாலைகளில் தடைசெய்த 13 நூல்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. அந்நாட்டுக் கதையைக் கல்லடிக்கோ கல்முனைக்கோ பெயர்த்துவைக்க முடியாது. இங்கு சட்டமும் வேறு, குடும்பமும் வேறு. மகளின் கேள்வி மட்டும் எங்கும் ஒன்றுதான்.

தமிழில் எழுதுபவருக்கு முதலில் வரும் தடை ஒழுக்கமன்று, சொல். உடலைப் பற்றிப் பேச எங்களிடம் மூன்று வகைச் சொற்கள் இருக்கின்றன: பாடநூலின் வடசொற்கள், தெருவின் வசைச்சொற்கள், வீட்டின் மழுப்பல்கள். பதினைந்து வயதுப் பாத்திரம் ஒன்று இயல்பாகப் பேசும்போது இந்த மூன்றில் எதைப் பயன்படுத்தினாலும் கதை சறுக்கும். பாடநூற்சொல்லைப் போட்டால் பிள்ளை வைத்தியரைப் போலப் பேசும். வசைச்சொல்லைப் போட்டால் வாசகர் சிரிப்பார். 'அந்த இடம்' என்று எழுதினால் மீண்டும் அதே வெற்றிடம். மாதவிடாய்க்கே 'வீட்டுக்குத் தூரம்', 'சுகமில்லை' என்று மாற்றுப்பெயர்கள் வைத்திருக்கும் சமூகம் நாங்கள். ஒருமுறை என் சிறுகதையொன்றில் வந்த 'மாதவிடாய்' என்ற சொல்லை ஒரு சிறுவர் சஞ்சிகை 'காய்ச்சல்' என்று திருத்தி அச்சிட்டது. கதையின்படி அந்தப் பிள்ளைக்கு மாதம் தவறாமல் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. நான் கண்ட வரையில் இதற்குள்ள வழி, சுகாதாரப் பாடத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்த சொற்களை வெட்கப்படாமல் ஓரிரு முறை பயன்படுத்திவிட்டு, மிச்சத்தைச் செயலாலும் பேச்சின் தயக்கத்தாலும் உணர்த்துவதே. ஆசிரியர் தாண்டிச் சென்ற பாடத்தையும் வீட்டில் வாசியுங்கள் என்று சொல்லப்பட்ட பக்கங்களையும் பிள்ளைகள் கட்டாயம் வாசித்திருப்பார்கள். அந்தப் பக்கங்களைத்தான் முதலில் வாசித்திருப்பார்கள்.

சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் தீர்ப்பு இன்னொரு சிக்கல். 'கெட்டுப்போனாள்', 'கெடுத்துவிட்டான்', 'கற்பழிப்பு' ஆகிய சொற்களில், குற்றம் செய்தவன் ஒருவனாயிருக்க, சேதம் இன்னொருத்தியின் குணத்தில் ஏற்றப்படுகிறது. 'பாலியல் வன்புணர்வு', 'வல்லுறவு' என்ற சொற்கள் இப்போது செய்திகளில் புழங்குகின்றன. இவற்றைத் தெரிந்துகொள்வது வெறும் நாகரிகத்துக்காக அல்ல. 'கற்பழிப்பு' என்று எழுதிய கதைக்குக் கடைசியில் புத்திமதி வரி தேவையே இல்லை, சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஊர் வாயில் அந்தச் சொல்தான் வழங்குகிறது என்றால், ஊர்ப் பாத்திரத்தின் வாயில் அது வரலாம். கதைசொல்லியின் வாயில் வரக்கூடாது.

எழுதுபவர் அறிந்திருக்க வேண்டிய வெளியுலக விவரங்களும் உண்டு. அவை தவறினால் நீதியும் தவறிவிடும். 1995 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363 ஆம் பிரிவின்படி, 16 வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளை சம்மதித்திருந்தாலும் அது வன்புணர்வே. பன்னிரண்டு வயதைக் கடந்த, சட்டப்படி பிரிந்து வாழாத மனைவி என்ற விதிவிலக்கு ஒன்றும் அதே பிரிவில் இருக்கிறது. பொதுச் சட்டத்தின்படி திருமண வயது 18. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதை விதிக்காமல், 12 வயதுக்கு உட்பட்டவருக்கு முஸ்லிம் விவாக நீதவானாகிய காதியாரின் அனுமதியைக் கோருவதோடு நின்றுவிடுகிறது. இதை மாற்றவேண்டும் என்ற குரலை நீண்டகாலமாக எழுப்பிவருபவர்களில் முஸ்லிம் பெண்களே முன்னிற்கிறார்கள். கருக்கலைப்பு, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி, குற்றமாகும். ஆகவே பதினைந்து வயது நாயகியின் கதையில் 'பொலிஸுக்குப் போனால் மானம் போகும், இரண்டு பேரையும் கட்டிவைத்துவிடுவோம்' என்று பெரியவர்கள் கூடிப் பேசும் காட்சியை எழுதி, அதையே சுபமான முடிவாகவும் காட்டும் எழுத்தாளர், தமக்குத் தெரியாமலே ஒரு குற்றத்தை மூடிமறைக்கும் வழியைச் சொல்லிக்கொடுக்கிறார். போர்க்காலத்தில் பிள்ளைகளை ஆயுத இயக்கங்கள் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சத்தில் அவசர அவசரமாகத் திருமணம் செய்துவைத்த குடும்பங்கள் இந்த மாவட்டங்களில் உண்டு. கட்டிவைத்தால் காப்பாற்றலாம் என்ற நினைப்பின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த வேரைத் தெரிந்துகொண்டு எழுதினால், கூடிப் பேசும் பெரியவர்கள் வில்லன்களாக இல்லாமல் பயந்த மனிதர்களாகத் தெரிவார்கள்.

இனி, எவ்வளவு காட்டுவது? பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பாத்திரங்களின் உடலுறவைக் காட்சியாக விரித்து எழுதக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. இது சட்டத்துக்குப் பயந்த முடிவு மட்டுமன்று. அந்த வயது வாசகருக்குக் கதையிடமிருந்து தேவைப்படுவது செயலின் வருணனை அல்ல. முடிவெடுக்கும் கணத்தின் வருணனை. கதவு சாத்தப்படலாம், சாத்தப்படுவதற்கு முன்னும் பின்னும் பேசப்பட்ட சொற்கள் ஒன்றுவிடாமல் பக்கத்தில் இருக்கவேண்டும். 'இப்ப வேணாம்' என்று அவள் சொன்னபோது அவன் என்ன செய்தான்? சிரித்தானா, கோபித்துக்கொண்டு நான்கு நாள் பேசாமல் இருந்தானா, 'அப்ப என்னில விருப்பமில்ல' என்றானா, சரி என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தானா? இந்த நான்கு மறுமொழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பிள்ளை கதைக்குள் பார்த்துப் பழகிவிட்டால், வகுப்பு முடிந்து பாலத்தடியில் அதை எதிர்கொள்ளும்போது அடையாளம் கண்டுகொள்ளும்.

விளைவும் தண்டனையும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். விளைவு கதைக்குள்ளிருந்து வருவது. தண்டனையை எழுத்தாளர் வெளியிலிருந்து கொண்டுவருகிறார். ஒரு பிள்ளை தன் படத்தை வட்ஸ்அப்பில் ஒருவனுக்கு அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவன் அதை நண்பன் ஒருவனுக்குக் காட்டுகிறான். நண்பன் வகுப்புக் குழுவில் போடுகிறான். இருபத்தேழு பேர் பார்க்கிறார்கள், பத்துப் பேர் சேமித்துக்கொள்கிறார்கள், ஒருத்தி மட்டும் அவளுக்குச் செய்தி அனுப்புகிறாள். இவை விளைவுகள், ஒவ்வொன்றுக்கும் செய்த ஆள் இருக்கிறார், அவர் செய்யாமலும் இருந்திருக்கலாம். எங்கள் கதைகளோ இந்த இருபத்தேழு பேரையும் விட்டுவிட்டு நேராக அவளது மரணத்துக்குத் தாவுகின்றன. குழுவில் போட்ட பையனும் அந்தப் போட்டிக் கதையை வாசிக்கும் பையன்தான். அவனைப் பற்றி அந்தக் கதைக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்கீழ் குற்றம் என்பது அவனுக்கு எந்தக் கதையிலும் தெரியவருவதில்லை. ஆண்பிள்ளைகளே துன்புறுத்தலுக்கு ஆளாகும் கதையோ இன்னும் எழுதப்படவே தொடங்கவில்லை எனலாம்.

மரணத்தில் முடிப்பதைப் பற்றி மட்டும் சமரசமின்றிச் சொல்வேன். 1995 அளவில் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற வீதத்தில் தற்கொலை நிகழ்ந்து, உலகிலேயே மிக மோசமான நிலையில் இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. நச்சுத்தன்மை கூடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டது உள்ளிட்ட காரணங்களால் அந்த வீதம் பின்னர் பெரிதும் குறைந்தது. இப்படியொரு நாட்டில், அவமானத்துக்கு மறுமொழி சாவுதான் என்பதைப் பிள்ளைகளுக்கான கதையின் இயல்பான கடைசிப் பந்தியாக வைத்திருப்பது பொறுப்பற்ற செயல். தாயின் ஒப்பாரியோடு முடியும் கதையில் செத்தவள் புனிதமாகிறாள், எல்லோரும் அவளை மன்னிக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது கிடைக்காதது செத்தபின் கிடைக்கிறது என்பதே அந்தப் பந்தி சொல்லும் செய்தி.

சமய நம்பிக்கையுள்ள வாசகரை இந்தப் பேச்சில் எதிரணியில் நிறுத்துவது தவறு. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஆரையம்பதியிலோ வளரும் ஒரு பிள்ளை, திருமணம்வரை காத்திருப்பது என்று தன் நம்பிக்கையால் முடிவெடுத்திருக்கலாம். அந்த முடிவுக்கும் ஒரு கதை வேண்டும். ஆனால் அது அவளது முடிவாக, தடுமாற்றத்தோடும் சில வேளை வருத்தத்தோடும் எடுக்கப்பட்டதாக எழுதப்பட வேண்டும். நல்ல பிள்ளை என்பதற்கான சான்றிதழாக எழுதப்பட்டால் அது பிரசங்கம். வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை மெச்சுவதற்காக, சொல்லத் தவறிய பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி அவமதிக்கும் வழக்கமும் வேண்டியதில்லை.

கடைசியாக, செவிலி யார் என்ற கேள்வி. பழைய துறையில் தோழியும் செவிலியும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பெண்ணின் வீட்டோடு குடும்பம் ஒட்டியிருக்கும் கிழக்கின் வழக்கத்தில் தாயின் சகோதரிகளும் அம்மம்மாவும் ஒரே வளவுக்குள்ளோ பக்கத்து வளவிலோ இருப்பது இன்றும் சாதாரணம். தாய் வெளிநாட்டில் வேலைசெய்யும் வீடுகளில் அம்மம்மாவே எல்லாம். வீட்டுக்கு வெளியே வகுப்பாசிரியர், ஊரின் குடும்பநல உத்தியோகத்தர், சிறுவர் நன்னடத்தை அதிகாரி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் என்று பலர் இருக்கிறார்கள். கதையில் இவர்கள் தகவற்பலகைபோல வரக்கூடாது, மனிதராக வரவேண்டும். சிலர் உதவுவார்கள், சிலர் கைவிரிப்பார்கள், இரண்டாவது ஆளிடம் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.

படுவான்கரைப் பக்கத்துப் பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி எழுதிய கதை ஒருமுறை எங்கள் மேசைக்கு வந்தது. அதில் அம்மம்மா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். பேத்தி பக்கத்தில் வந்து குந்தியிருந்து, நெடுநேரம் தேங்காய்ப்பூவைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, இரண்டு வரியில் விசயத்தைச் சொல்லிவிடுகிறாள். துருவுகிற சத்தம் நிற்கிறது. 'எத்தின நாளாகுது மனே?' என்று கேட்டுவிட்டு அம்மம்மா கையைக் கழுவ எழும்புகிறாள். கதை அவ்வளவுதான். நடுவர் மூவரில் இருவர், படிப்பினை இல்லை, முடிவும் இல்லை என்று புள்ளிகளைக் குறைத்தார்கள். நான் அந்தத் தாளைத் திரும்ப எடுத்து, துருவுகிற சத்தம் நின்ற வரியை இன்னொருமுறை வாசித்தேன்.